இரண்டு மணிச் சுற்று

விளக்கை விரலுக்கு மட்டும் காட்டு,
முகத்துக்குக் காட்டாதே
என்று முதல் இரவே சொல்லித்தந்தார்கள்.
முகத்தில் வெளிச்சம் பட்டால் கனவு கலையும்.
விரலுக்குக் கனவு கிடையாது.

இஸிக்குல் ஏரி இருட்டில் புரண்டு படுக்கிறது.
ஆறு கம்பளிக் கூடாரங்கள். நாற்பத்தொரு பிள்ளைகள்.
ஜெனரேட்டர் சாயங்காலமே செத்துவிட்டது.
இன்சுலின் எல்லாம் ஓடைத் தண்ணீரில்,
நைலான் பையில், கல்லோடு கட்டி;
லாரி ஓட்டுகிற ஜோல்தோஷ் பக்கத்தில் காவல்,
பிறர் குழந்தையைக் குளிப்பாட்ட வாங்கிக்கொண்டவர் போல
கண்ணை எடுக்காமல்.

நான் பாலிக்சி மின்வாரியத்தில் ரசீது எழுதுகிறவள்.
ஆண்டுக்குப் பதினான்கு நாள் விடுப்பு,
பதினான்கையும் இங்கே கொட்டிவிடுவேன்.
சம்பளம் இல்லை. சாப்பாடு உண்டு,
அதையும் எடைபோட்டுத்தான் வைப்பார்கள்.

பெயர் சொல்லி எழுப்ப வேண்டாம்.
தோளைத் தொடவும் வேண்டாம்.
காலடி கேட்டதும் போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வரும்,
தூக்கத்திலேயே,
மோதிரம் போட்டுக்கொள்ளப் போவதுபோல
ஒரு விரலை மட்டும் நீட்டும்.
குத்துகிறேன். கடுகளவு சிவப்பு.
ஐந்து நொடி.
ஏழு புள்ளி இரண்டு. கை உள்ளே போய்விடும்.
காலையில் கேட்டால்
ராத்திரி யாருமே வரலையே அக்கா என்பார்கள்.

நான்காம் கூடாரத்தில் ஒரு மெத்தை காலி.
போர்வையில் சூடு இருந்தது.
நான் ஓடவில்லை. ஓடினால் மற்றவர்கள் விழிப்பார்கள்.
ஓடாமல் எவ்வளவு வேகமாய்ப் போகலாமோ
அவ்வளவு.

எல்தோஸ். பதின்மூன்று வயது. நாரின் பக்கத்துப் பையன்.
ஊரில் அவனுக்கு வயிற்றுக் கோளாறு,
உறவுக்காரர்களிடம் அம்மா அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறாள்.
பள்ளிக் கழிப்பறையில் கதவைக் காலால் முட்டுக்கொடுத்து
ஊசி போட்டுப் பழகியவன்.
வந்த அன்று சாப்பாட்டு மேசையில்
நாற்பது பேரும் சட்டையைத் தூக்கியதும்
சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்,
எல்லோரும் அம்மணமாய் நிற்கிற மாதிரி.

குதிரைகள் கட்டிய இடத்தில் இருந்தான்.
செந்நிறக் குதிரையின் கழுத்தில் நெற்றியை வைத்து.
முழங்கால் தந்தியடித்தது.
சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.
வாயோரம் வெள்ளைத் துகள்.

"இதுக்குத்தான் கொண்டுவந்தேன்.
நாலு கட்டி. சமையல்கூடத்துல எடுத்தேன்.
வர்ற வழியில கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு.
மூணை நானே தின்னுட்டேன்."

எடுத்ததற்கு அழவில்லை அவன்.
குதிரையின் பங்கைத் தின்றதற்கு அழுதான்.

விரலை வாங்கினேன். மூன்று புள்ளி ஒன்று.
இனிப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும்,
எந்த டாக்டராலும் பத்தாகக் குறைக்க முடியாத பதினைந்து.
என் கோட்டை அவனுக்குப் போட்டேன்.
குதிரை கோட்டுப் பையை மோந்து பார்த்துவிட்டு
எங்களைக் கைவிட்டது.

"உங்களுக்கு எப்ப வந்துச்சு?"
ஒன்பது வயசுல.
"கட்டிக்கப்போறவர்கிட்ட சொல்லுவீங்களா?"
ஏரியைப் பார்த்தேன்.
ஒரு பதில் தயாராக இருந்தது, நல்ல பதில்,
ஜூன் மாதப் பயிற்சி வகுப்பில்
எழுதிக்கொண்டுவந்தது.
"போன வருஷம் ஒருத்தர் வந்தார். சொல்லலை.
பையில ஊசி இருந்துச்சு, தையல் ஊசின்னு சொல்லிட்டேன்."
"அவர் நம்பிட்டாரா?"
"பட்டன் தைச்சுக் குடுன்னார்."
சிரித்தான். வந்ததிலிருந்து முதல் தடவை.
அந்தச் சிரிப்பில்
சர்க்கரை ஏறுவது தெரிந்தது.

நான்கு புள்ளி எட்டு.
கோட்டுக்குள் தேடி ஒரு ரொட்டித் துண்டு கொடுத்தேன்.
நாலாவது கட்டி இத்தனை நேரமும் அவன் பிடிக்குள்,
வியர்வையில் மூலை கரைந்து.
"இது அதுக்கு" என்றான்.
விரலை நீட்டிப் பழகிய கை
முதலில் விரல்களால்தான் நீட்டியது.
கடித்துவிடும், உள்ளங்கையை விரி என்றேன்.
விரித்தான்.

பதிவேட்டில் எழுதினேன்:
எல்தோஸ். 2.40, மூன்று புள்ளி ஒன்று. சர்க்கரை மூன்று கட்டி.
2.55, நான்கு புள்ளி எட்டு. ரொட்டி.
குதிரை. ஒரு கட்டி. அளவு பார்க்கவில்லை.

இன்னும் இரண்டு கூடாரம் பாக்கி.